தனுஷ்கோடியிலிருந்து அம்மாவுக்கு

தனுஷ்கோடி
நவம்பர், 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் அமலி எழுதுவது. நான் நலம். நீ, ஜெனி, தம்பி, ரீத்தா குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதமும் கருப்பட்டியும் லூர்து மாமா கையில் வந்து சேர்ந்தன. மாமா ரொம்பவும் சிரமப்பட்டுத்தான் கரை மாறியிருக்கிறார். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதிலிருந்து அங்கே பகல் முழுக்க வேன்களும் சங்குக் கடைகளும்தானாம். பொழுது சாய்ந்தால் போலீஸ் எல்லோரையும் கிளப்பி அனுப்பிவிடுகிறதாம். இடிந்த கோயில் சுவருக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து, காற்று ஓய்கிற வரைக்கும் காத்திருந்தேன் என்றார். அவருக்கும் அறுபத்தைந்து ஆகிறது. இனிமேல் தனியாக அனுப்பாதே. தம்பியால் கரை மாற முடியாவிட்டாலும் சுவர் வரைக்கும் துணைக்கு வரலாம் இல்லையா?

மாமா ஒளிந்திருந்த அதே இடத்தில் இங்கே கோயில் கூரையோடு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லாத கூட்டம். நீ பாம்பன் புதுப் பாலத்தைப் பற்றி ஆசையாக எழுதியிருந்தாய், நடுப்பகுதி அப்படியே மேலே ஏறுகிறது என்று. இங்கே 1914-இல் கட்டிய பாலம்தான் இன்னும். ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் நடுவில் பிளந்து தூக்குகிறார்கள். போட் மெயில் எழும்பூரிலிருந்து அதன் மேல்தான் வருகிறது. சனம் ரயிலை விட்டு இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமன்னார்க் கப்பலுக்குப் போகிறார்கள். கப்பல் எத்தனையோ மாறிவிட்டது, ஆனாலும் கிழவர்கள் இன்னும் "இர்வின் வந்துட்டுதா, கோஷன் வந்துட்டுதா" என்றுதான் கேட்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். கப்பல் இருப்பதால் ஊரே பாதி இலங்கைச் சமையல்தான். இடியாப்பம், சொதி, மாசி இடித்துப் போட்ட சம்பல். மாசி இங்கே கருவாட்டு விலைக்குக் கிடைக்கிறது. மணலில் கை விட்டுத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது, உப்புக் கொஞ்சமும் இல்லை. அம்மாச்சி சொல்லும்போது நாம் நம்பியதில்லை. வாடை மட்டும் இந்த வருஷம் சீக்கிரமே தொடங்கிவிட்டது. ஓலை இடுக்கில் சாக்கு அடைத்திருக்கிறேன். சரியாகிவிடும்.

வேலை துறைமுகத்துக் கருவாட்டுக் கிடங்கில். எடை போட்டுச் சிட்டை எழுதுவது. இங்கே எனக்குப் பிறந்த சான்று, ரேஷன் கார்டு எதுவும் கிடையாது என்பதால் வாரக் கூலிதான், ஆனாலும் நல்ல மனிதர்கள். இந்தக் கரையில் நான் பிறக்கவே இல்லை என்பதை நினைத்தால் சில சமயம் திகைப்பாக இருக்கிறது. புயல் அடிக்காததால் நீங்கள் யாரும் தங்கச்சிமடத்துக்குப் போகவில்லை, நீ அப்பாவைப் பார்க்கவில்லை. பாம்பனில் அப்பாவின் பேரில் ஒரு படகு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் தேடிப் போகவில்லை.

கம்மல் என் காதில் இல்லை என்று மாமா உன்னிடம் சொல்லத்தான் போகிறார். கிடங்கில் உப்புத்தூள் பறக்கிறது, அதனால் போட்டுக்கொள்வதில்லை. பத்திரமான இடத்தில்தான் இருக்கிறது.

சலேத் பெரியம்மாவைப் பற்றித்தான் நீ கடிதம் முழுக்கக் கேட்டிருக்கிறாய். கீழ்வரிசையில் இரண்டு பல் போய்விட்டது. முடி முழு வெள்ளை. மற்றபடி என்னைவிடத் தெம்பாக இருக்கிறார். அடுத்த வீடுதான். விடியற்காலையில் இடியாப்பம் அவித்து ரயிலடியில் விற்கிறார். வயதானவர்களை அப்படிக் கூப்பிடுவது இங்கேயும் வழக்கம் என்பதால் வாய் நிறையப் பெரியம்மா என்றே கூப்பிடுகிறேன். என்னைப் பார்த்த அன்றைக்கே, "உனக்கு என் தங்கச்சி ஜாடை" என்றார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஊரில் அவரை ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். ரயிலடியிலேயே ஆயுள் கழிந்தும் அவர் ரயில் ஏறுவதில்லை. கப்பலில் எத்தனையோ தடவை தலைமன்னாருக்குப் போய்வந்தவர், பாம்பனைத் தாண்டியதில்லை. மதுரையில் இருக்கிற மகன் வீட்டு ஞானஸ்நானத்துக்கும் போகவில்லை. கொண்டல் அடிக்கிற ராத்திரிகளில் தூங்கமாட்டார். திண்ணையில் விளக்கு வைத்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் அப்படி ஒரு ராத்திரி, நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தானாகச் சொன்னார்.

"அறுபத்தி நாலு டிசம்பர் இருபத்திரண்டு. எனக்கு எட்டு வயசு. பாம்பனிலிருந்து அப்பாவோட 653 பாசஞ்சரில் வந்தேன். மழையின்னா அப்படி மழை. நடுராத்திரி தாண்டி வண்டி வந்து நின்னுச்சு. அப்பா என்னைத் துண்டில் சுத்தித் தோளில் போட்டுக்கிட்டு இறங்கினாரு. அவ்வளவுதான் நடந்தது. ஆனா கனவுல மட்டும் அந்த வண்டி வந்து சேருறதே இல்லை அமலி. பெட்டிக்குள்ள தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு."

எனக்குக் கை நடுங்கிவிட்டது அம்மா. நம் கரையில் அந்த வண்டியோடு நூறு பேருக்கு மேல் கடலுக்குள் போனார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை என்பது இவருக்கு எப்படித் தெரியும்? நம் ரத்தம்தான் அவருக்குள்ளும் ஓடுகிறது, வேறென்ன. அம்மாச்சி புயலுக்கு அடுத்த நாள் தாத்தாவையும் பெரியம்மாவையும் தேடிக் கரையோரம் நடந்து நடந்து, தன்னை அறியாமல் இந்தக் கரைக்கு வந்துவிட்டார். இரண்டு பேரையும் உயிரோடு பார்த்தார். பார்த்தும், கைக்குழந்தையாக நீ அங்கே அழுதுகொண்டிருப்பாய் என்று திரும்பிப் போனார். இங்கே யாரையும் தேட வேண்டிய தேவை வரவில்லை. அதனால் யாரும் கரை மாறக் கற்கவில்லை, யாரும் பெரியம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பாவம், பைத்தியம் என்ற பெயரோடு அறுபது வருஷம்.

தாத்தா நன்றாக வாழ்ந்து, கிழவராகித்தான் இறந்திருக்கிறார். கோயில் தோட்டத்தில் கல்லறை இருக்கிறது, பெயர் வெட்டிய கல்லோடு. கல்லறைத் திருநாள் அன்று உன் பேரில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ ஒவ்வொரு வருஷமும் கடலில் பூப் போடுவது எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்றை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். செபமாலை மாதத்தில் நீ வந்தாய் அம்மா. தலைமன்னாரில் கட்டிக்கொடுத்த நீ. கப்பலை விட்டு இறங்கி, கையில் பனையோலைப் பெட்டியோடு, அதே வேகமான நடை. நான் தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீ என்னை நேராகப் பார்த்து, "தம்பி வீட்டுக்கு மாசி வாங்கணும், இங்க தருவீங்களா?" என்று கேட்டாய். உன் குரல். மொத்த வியாபாரம் மட்டும்தான் என்று சொன்னேன். சரி என்று போய்விட்டாய். அன்றைக்கு மீதி நேரம் எடையெல்லாம் தப்புத்தப்பாகப் போட்டேன். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல் இருக்கிறது அம்மா. உன் கையால் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும்.

அதை விடு. முக்கியமான விஷயங்களுக்கு வருகிறேன்.

ரீத்தா ராத்திரி எழுந்து, வாசல் இடம் மாறிவிட்டது என்று அழுகிறாள் என ஜெனி எழுதியிருக்கிறாளே, அது காய்ச்சல் இல்லை, கண்ணேறும் இல்லை. மந்திரிக்கக் கொண்டுபோக வேண்டாம். நீயே பக்கத்தில் படுத்து, அம்மாச்சி உனக்குச் சொன்னதை அவளுக்குச் சொல். பெரியம்மாவைப் போல் அவள் தனியாகப் பயந்துகொண்டு வளரக் கூடாது.

தங்கச்சிமடம் மனையை லாட்ஜ் கட்டக் கேட்கிறார்கள் என்று தம்பி பறக்கிறானாம். இப்போது விற்க வேண்டாம். அது அம்மாச்சி கருவாடு விற்று வாங்கிய இடம். என் பங்கை ரீத்தா பேருக்கு எழுதிவிடு, கையெழுத்துக்கு நான் வருகிறேன். இங்கே ரூபாய் நோட்டே வேறு, எனக்கு அந்தப் பணத்தால் பயனில்லை.

பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். என் வாயால் சொல்வதைவிட நீ வந்து சொல்வது நல்லது. தலைமன்னார் அம்மா கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்து, புது வருஷப் பூசை முடிந்து கப்பல் ஏறுவாராம். அதற்குப் பிறகு வா. ஒரே கரையில் இரண்டு பேரும் இருக்கக் கூடாது என்று அம்மாச்சி சொன்னதை மறந்துவிடாதே. முழங்கால் வலிக்கு மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள். மாமா கூட வரட்டும், தம்பி சுவர் வரைக்கும் துணைக்கு வரட்டும். பதிலை மாமாவிடமே கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்
அமலி

பி.கு.: மாமா அடுத்த முறை வரும்போது, பீரோவில் இருக்கிற என் வெள்ளிக் கொலுசையும் அரைஞாண் கொடியையும் கொடுத்தனுப்பு. திருவிழாவுக்குப் போட்டுக்கொள்ளத்தான்.