போன் கேம்களைத் திட்டுவதென்றால் சரியான இடத்தில் திட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் போன் கேம்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கலர் கல்லுகளை மூன்று மூன்றாகச் சேர்க்கிற விளையாட்டுகளெல்லாம் மூளைக்கு வேலை இல்லாதவர்களுக்கு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கிறார் எழுதியவர். எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள், உவர்மலையில் வீட்டோடு சேர்ந்த சின்னத் தையல் கடை. 15 வருடமாக இந்தக் கல்லுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கோபம் வந்து எழுதுகிறேன்.

2010 இல் கோணேசர் கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த சித்தியின் மகன், திரும்பிப் போகும்போது கையில் பிடித்து விளையாடுகிற தன்னுடைய பழைய நின்டென்டோ டிஎஸ் கருவியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அதற்குள் இருந்தது பஸில் குவெஸ்ட். 2007 இல் வந்த கேம், ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் ஃபாக்னர் என்பவர் தன் நிறுவனத்தில் செய்தது. அதற்கு முன் அவர் வார்லார்ட்ஸ் என்று படை நடத்துகிற கேம்கள் செய்தவர். எட்டுக்கு எட்டுக் கட்டம், பக்கத்துப் பக்கத்துக் கல்லை இடம் மாற்றி ஒரே நிறத்தில் மூன்று வரவைக்க வேண்டும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இங்கே எதிரே ஒரு பூதமோ எலும்புக்கூடோ நிற்கும், அதுவும் அதே பலகையில் தன் முறை வரும்போது ஆடும். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் கல்லுகள் மந்திரம் போடுவதற்குச் சக்தி தரும், மூன்று மண்டையோடு சேர்ந்தால் எதிராளிக்கு நேரே அடி விழும், காசு சேர்த்தால் வாளும் கவசமும் வாங்கலாம். நாலு கல்லை ஒரே வரிசையில் சேர்த்தால் இன்னொரு தரம் ஆடலாம்.

இந்தக் கடைசி விதியில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கு வேண்டிய நீலத்தை நான் எடுத்தால் மேலேயிருந்து கல்லுகள் இறங்கி எதிராளிக்கு நாலு மண்டையோட்டை ஒரே வரிசையில் சேர்க்க வழி கிடைத்துவிடும், அவன் அடித்துவிட்டு மறுபடியும் ஆடுவான், அதனால் எனக்கு ஒன்றுக்கும் உதவாத மஞ்சளை எடுத்து அவன் வழியை மறிக்கிறேன். 304 என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. கையில் வந்த கடதாசி அதிர்ஷ்டம், துரும்பை எப்போது இறக்குவது என்பது கெட்டித்தனம். எங்கள் அப்பா நாலு பேரோடு விறாந்தையில் இருந்து 304 விளையாடினால் ஊரே கெட்டிக்காரன் என்றது, நான் அதையே ஒரு சின்னத் திரையில் செய்தால் மூளைக்கு வேலை இல்லையாம்!

(கம்பியூட்டர் கள்ள விளையாட்டு விளையாடுகிறது என்று அப்போது பல நாட்டு ஆட்களும் திட்டினார்கள். ஃபாக்னர் அப்படி இல்லவே இல்லை என்று மறுத்தார். நான் இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை.)

சரி, கட்டுரையில் சொன்ன பிரச்சினைக்கு, பிள்ளைகள் கேமில் காசைக் கரைப்பதற்கு வருகிறேன், அது பொய் இல்லை. வெறும் கல் சேர்க்கிற கேம் 1994 இலேயே ஷாரிகி என்ற பெயரில் வந்துவிட்டது, 2001 இல் பிஜுவல்ட் அதை உலகம் முழுக்கக் கொண்டு போனது. பிஜுவல்டை ஒருதரம் வாங்கினால் முடிந்தது. 2012 இல் கேண்டி க்ரஷ்ஷும் ஜப்பானின் பஸில் அண்ட் டிராகன்ஸும் போனுக்கு வந்தன. டவுன்லோட் இலவசம், காசு உள்ளே. ஆடுவதற்குத் தருகிற எனர்ஜி முடிந்தால் காத்திரு, காத்திருக்க முடியாவிட்டால் வாங்கு. அதைவிட மோசம், கேமில் நமக்காகச் சண்டை போடுகிற வீரர்களை அழைக்கிற பெட்டி, ஜப்பானில் காச்சா என்பார்கள். காசு கட்டி அழுத்தினால் யார் வருவார் என்று தெரியாது, அசல் லொத்தர். அதில் ஒரு வகையை, குறிப்பிட்ட ஆட்கள் முழுத்தொகுதியும் சேர்ந்தால்தான் பெரிய பரிசு என்கிற வகையை, ஜப்பான் அரசே 2012 இல் சட்டவிரோதம் என்றது. பெல்ஜியம் 2018 இல் இப்படிக் காசுக்கு விற்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது.

என் மூத்தவன் 13 வயது. போன வருடம் ஒரு கேமில் ஐந்து நட்சத்திர வீரன் ஒருவன் வேண்டும் என்று என் போனில் இருந்த காசையெல்லாம் கரைத்தான், நான் பார்க்கும்போது மூன்று சாறி பிளவுஸ் தைத்த கூலி போய்விட்டது. அந்த வீரன் வரவும் இல்லை. அந்தக் கேமின் பெயரை எழுதப் போவதில்லை, ஆனால் அதில் கல் சேர்க்கிற பகுதி நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அவன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டேன், கணக்குப் பாடத்தில்கூட அவ்வளவு யோசித்ததில்லை. அன்றைக்கே வாங்குவதற்குக் கடவுச்சொல் போட்டேன். கேமை அழிக்கவில்லை.

உள்ளே காசு கேட்காத கேம்களும் இருக்கின்றன. 10000000 என்று ஒன்று, 2012 இல் லூக்கா ரெட்வுட் என்ற ஒரே ஆள் செய்தது. பெயரே ஒரு கோடி, அத்தனை புள்ளி எடுத்தால்தான் கோட்டையிலிருந்து விடுதலை. வாள் சேர்த்தால் அடி, சாவி சேர்த்தால் பூட்டுத் திறக்கும், மரமும் கல்லும் சேர்த்தால் கோட்டையைத் திருத்தலாம். ஒருதரம் விலை கொடுத்தால் போதும். கொழும்புக்கு இரவு ரயிலில் போகும்போது, பாதி வழியில் சிக்னல் போய்விடும் நேரத்தில், நான் இதைத்தான் விளையாடுவேன்.

நான் கேட்பது இதுதான். படத்துக்கு விமர்சனம் போடுகிறீர்கள், சமையல் குறிப்புப் போடுகிறீர்கள். மாதத்தில் ஒருதரமாவது ஒரு கேமைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா, உள்ளே என்னென்ன விற்கிறார்கள், காசு கட்டாமல் எவ்வளவு தூரம் போகலாம், லொத்தர்ப் பெட்டி இருக்கிறதா, இவ்வளவு இருந்தால் எங்களைப் போன்ற தாய்மாருக்குப் போதும். எழுதுகிறவர் விளையாடிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும், அப்புறம் எப்படித் திட்டினாலும் கேட்கிறேன்.

பின்குறிப்பு: அந்த டிஎஸ்ஸின் சார்ஜர் பழுதாகி ஆறு மாதம் ஆகிறது. டவுனில் இதைத் திருத்தத் தெரிந்தவர் யாராவது இருந்தால் பத்திரிகையிலேயே ஒரு வரி எழுதவும், என் சேமித்த ஆட்டம் அதற்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் போட வேண்டாம், வாடிக்கைக்காரர் பகிடி பண்ணுவார்கள்
உவர்மலை, திருகோணமலை