உட்கார்ந்தே தைப்பவர்களுக்கு எழுந்து நிற்க ஐந்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மிஷின்) டெய்லர். நாள்பட்ட இடுப்பு வலியிலிருந்து தேறி, மறுபடியும் மிஷினில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் முதலாளிகளும் தொழிலாளர் துறை அதிகாரிகளும் கவனிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாய்மானம் இல்லாத ஸ்டூல். ஊசியைப் பார்க்க முதுகை முன்னால் வளைத்தே இருக்க வேண்டும். பெடலை விட்டுக் கால் நகராது. ஒரு பக்கம் திரும்பி கட்டிங் பீஸை எடுத்து, தைத்து, மறுபக்கம் தள்ள வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை இதேதான். நடுவில் டீயும் சாப்பாடும். எங்கள் லைனில் (மிஷின் வரிசையில்) நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் இடுப்பில் கை வைக்காமல் எழுந்திருப்பவர்களை எண்ணிவிடலாம்.

வலி வந்ததும் எல்லோரையும் போல நானும் தைலம், ஊசி, பெல்ட் எல்லாம் பார்த்தேன். ஒரு தனியார் கிளினிக்கில் எடை கட்டி இடுப்பை இழுத்தார்கள். ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அதைப் படித்ததிலிருந்து குனிந்து குடத்தைத் தூக்கவே பயம். அந்தப் பயம் வலியை விட மோசம்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண்தான் அந்தப் பயத்தைப் போக்கினார். என் மகள் வயதுதான் இருக்கும். காலில் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் கேட்டார். இவை இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டுமாம். எனக்கு எதுவும் இல்லை. "அக்கா, வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் நூற்றுக்கு முப்பது பேருக்கு இந்தப் பிதுக்கம் இருக்கும். வயது ஏற ஏற இன்னும் கூடும். தலையில் நரை வருகிற மாதிரிதான்" என்றார்.

அப்புறம் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்குவது. கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது. பிறகு நடை. முதலில் தெருமுனை வரைக்கும்தான் முடிந்தது. வலித்தால் விட்டுவிடக் கூடாது, அளவைக் குறைத்துக்கொண்டு மறுநாளும் செய்ய வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை, எரிச்சல்தான் வந்தது. சில மாதம் போனதும் மாவு டின்னைத் தூக்கி வைத்துவிட்டு, தூக்கியதே ஞாபகம் இல்லாமல் அடுத்த வேலைக்குப் போயிருந்தேன். இப்போதும் மழை நாளில் இடுப்பு பிடிக்கும். ஆனால் பயம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதை மகள் செல்போனில் படித்துக் காட்டினாள். உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்ன பட்டியலில் பெல்ட்டும் இருக்கிறது, இழுவை சிகிச்சையும் இருக்கிறது. நான் காசு கொடுத்த இந்த இரண்டுமே அந்தப் பட்டியலில்தான்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிசியோதெரபி பெண் கடைசியாகச் சொன்னது, "அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள்." லைனில் அது நடக்குமா? நான் எழுந்தால் எனக்கு அடுத்த மிஷினில் பீஸ் இருக்காது. மணிக்கு இத்தனை என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு எழுந்தாலே கூலி குறையும். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அது வேலைக்குப் போகாத நாளுக்கு. இந்த வலிக்கோ படுத்தே கிடப்பதுதான் ஆகாது.

கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் அனுபவித்த கொடுமைக்கு அது வேண்டியதுதான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்கள் எழுந்து நிற்பதற்கும் அதேபோல ஒரு விதி வேண்டும். மணிக்கு ஐந்து நிமிடம் மொத்த லைனும் நிற்கட்டும், அதற்கேற்ப டார்கெட்டைக் குறைக்கட்டும். சாய்மானமும் உயரம் மாற்றும் வசதியும் உள்ள நாற்காலி தரட்டும். அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி மாலையிலும் இருந்தால் கூலியை விடாமல் போய் வரலாம்.

எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் மாலை டீக்குப் பிறகு என்னைச் செக்கிங் டேபிளில் நின்று பார்க்கும் வேலைக்கு மாற்றிவிடுகிறார். அது அவருடைய நல்ல மனசு. அவர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் நான் யாரிடம் கேட்பது? வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வருகிறவர்கள் தீயணைப்புக் கருவி, கழிப்பறை, வயதுச் சான்றிதழ் எல்லாம் பார்க்கிறார்கள். எங்கள் ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஓவர்லாக் டெய்லர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.
(வேலை செய்யும் இடத்தை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)