யானை வந்த ஊரில் பயத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பதவி உயர்வில் நாகப்பட்டினம் கடற்கரைக்கே போய்விட்டாய் என்று படித்ததும், ஆசிரியர் பயிற்சி நிறுவன விடுதியின் மொட்டை மாடியில் உட்கார்ந்து, கடல் தெரிகிற வகுப்பறையில் ஒருநாளாவது பாடம் நடத்த வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கே மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வீடே அவளுடைய நேர அட்டவணைப்படி நடக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உணர்ச்சிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்பிக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். ஆறு முக அட்டைகளையும் காட்டியவுடன் உன் பிள்ளைகள் 'ஹாப்பி, ஸேட், ஆங்கிரி' என்று தவறாமல் சொல்கிறார்கள். ஆனால் இடைவேளை முடிந்து அழுதுகொண்டே வந்த சிறுமியிடம் 'ஹவ் ஆர் யூ?' என்று நீ கேட்டபோது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ மிஸ்' என்றாள் என எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். என் வகுப்பிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. 'ஃபைன்' என்ற சொல்லை ஒரு பதிலாகக் கற்பிக்காமல் வணக்கத்தின் பிற்பாதியாகக் கற்பித்துவிட்டோம். கைகுவித்தவுடன் வாயில் வருவதைப் போல அது வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு வெளியில் தெரிந்த 'ஃபைன்' என்பதோ தலைக்கவசம் போடாத அப்பா கட்டுகிற அபராதம்.

அட்டைகளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அவற்றை வைத்திருக்கிறேன். நம் அட்டைகளில் இருக்கிற மகிழ்ச்சி, வருத்தம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு என்ற அதே ஆறு உணர்ச்சிகளைத்தான் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் உலகெங்கும் பொதுவானவை என்று சொன்னார். அவரும் அவருடைய குழுவினரும் 1960-களின் இறுதியில் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடம் முகங்களின் நிழற்படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். அப்போது படத்தை நீட்டி 'இது என்ன உணர்ச்சி?' என்று கேட்பது சரிவரவில்லை. ஒரு சிறு கதையைச் சொல்லி, கதையில் வருகிறவனுடைய முகம் இவற்றில் எது என்று எடுக்கச் சொன்னார்கள். அப்படிக் கேட்டும் அச்சத்தையும் வியப்பையும் பிரித்தறிய அங்குள்ள பெரியவர்கள் தடுமாறினார்கள். ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டம் ஒன்றில் இதைக் கேட்டபோது எனக்கு உடனே என் வகுப்பு கண்முன் வந்தது. விரிந்த கண், திறந்த வாய். 'ஸ்கேர்டு' அட்டைக்கும் 'சர்ப்ரைஸ்டு' அட்டைக்கும் என் பிள்ளைகள் மாறி மாறிச் சொன்ன போதெல்லாம் அவர்கள் கவனிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். முகத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியாதவரை அந்த இரண்டு முகமும் ஒன்றுதான்.

ஆகவே இப்போதெல்லாம் முகத்தைக் கடைசியில்தான் காட்டுகிறேன். காரணம் முதலில் வரும், சொல் அடுத்து வரும். இதற்கு நான் வந்து சேர்ந்த வழியை உனக்குச் சொல்ல வேண்டும்.

2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை எங்கள் கம்பம் நகரத் தெருக்களிலேயே நடந்து போனது உனக்கு நினைவிருக்கும். ஜூன் தொடக்கத்தில் வனத்துறையினர் அதைப் பிடித்துத் தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, 'உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?' என்று தமிழில் கேட்டேன். யானை என்று பாதி வகுப்பு கத்தியது. புளியமரத்துப் பேய் என்றான் ஒருவன். பிள்ளை பிடிக்கிறவன் என்றாள் ஒருத்தி. கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல், 'பெரிய சார்' என்றது. கரும்பலகையில் நான்கையும் எழுதிவிட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களாகச் சொல்லப்படும் நான்கும் அப்படியே பலகையில் இருந்தன: அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், தலைமையில் இருக்கும் இறை (அரசன்). பயிற்சி நிறுவனத்தில் தமிழ் ஐயா அதை மனப்பாடம் செய்யச் சொன்னபோது நாம் இருவரும் சலித்துக்கொண்டதை நினைத்துக்கொண்டேன். எட்டு மெய்ப்பாடுகளையும் பெயரோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொன்றும் எந்த நான்கிலிருந்து பிறக்கிறது என்று அந்த நூல் ஏன் இவ்வளவு கவனமாகச் சொல்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அன்று ஒரே ஒரு சொல்தான் கற்பித்தேன்: 'ஸ்கேர்டு'. நான்கு காரணங்களையும் படமாக வரையச் சொல்லி, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே வாக்கியத்தை எழுத வைத்தேன். அவர்கள் இன்று மேல் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள். வழியில் பார்க்கும் பிள்ளைகளிடம் கேட்டால் அந்தச் சொல்லை யானையோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

அடுத்தது இலக்கணம். இதில்தான் அதிகம் நின்று நிதானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளின் பேச்சில் உணர்ச்சி என்பது வருகிற ஒன்று: எனக்குப் பயமா இருக்கு, எனக்குக் கோபம் வருது, எனக்கு அழுகை அழுகையா வருது. 'நான் கோபமாக இருக்கிறேன்' என்று தமிழிலும் சொல்லலாம்தான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் முதலில் வருவது 'எனக்கு' என்பதே. ஆங்கிலத்தில் அந்த 'எனக்கு'க்கு இடமில்லை. 'நான்' என்று எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் 'மீ ஆங்கிரி', 'மை ஸேட்' என்றெல்லாம் சொல்கிறார்கள். அவர்கள் மனத்தில் ஓடுகிற வாக்கியம் ஒழுங்காகவே இருக்கிறது. அது தமிழ் வாக்கியமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை 'ஐ ஆம் ஆங்கிரி' என்று பலகையில் எழுதியபோது, வகுப்பிலேயே அமைதியான ஒரு சிறுமி, 'அப்படின்னா நாந்தான் கோபமா, மிஸ்?' என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் அந்த வாக்கியத்தின் இறுதியில் 'நௌ' என்ற சொல்லைச் சேர்த்து எழுதி, 'இப்போது மட்டும்' என்று விளக்கினேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றுவரை முதல் சில வாரங்களுக்கு அந்த 'நௌ' இல்லாமல் நான் இந்த வாக்கியத்தைக் கற்பிப்பதில்லை.

'ஐ ஃபீல்' என்று தொடங்கும் வாக்கியத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடாதே. 'அவன் ரொம்ப ஃபீல் பண்றான்' என்றால் நம் ஊரில் அவன் வருத்தத்தில் இருக்கிறான் என்றே பொருள். அந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளைக்கு 'ஐ ஃபீல் ஹாப்பி' என்பது அழுதுகொண்டே சிரிப்பது போன்ற புதிராக இருக்கிறது. 'ஜாலி', 'டென்ஷன்', 'போர்' ஆகியவையும் நம் வீடுகளில் தமிழாகவே வாழ்கின்றன. அவற்றைத் தவறு என்று சொல்லித் திருத்தாமல், 'இதை அந்த ஊரில் இப்படிச் சொல்வார்கள்' என்று பக்கத்தில் ஒரு சொல்லை வைத்தால் பிள்ளைகள் ஆர்வமாக எடுத்துக்கொள்கிறார்கள். 'ஐ ஆம் போரிங்' என்று சொல்வதை மூன்றாம் வகுப்புவரை நான் திருத்துவதில்லை.

சொற்களின் வரிசையையும் மாற்றிக்கொண்டேன். மனத்தைச் சொல்லும் சொற்களுக்கு முன்னால் உடம்பைச் சொல்லும் சொற்கள். எங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி மலைப்பாதையான மெட்டைக் கடந்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன் பத்து மணிக்குள் பல முகங்கள் வாடிவிடும். 'ஹங்கிரி', 'ஸ்லீப்பி', 'டயர்டு' என்பவைதான் அவர்கள் உண்மையாகச் சொல்ல வேண்டியிருந்த முதல் மூன்று சொற்கள். இப்போது சூடான உப்புமாவும் கிச்சடியும் கிடைப்பதால் 'ஹங்கிரி' என்ற சொல் மதியத்துக்கு நகர்ந்திருக்கிறது. அதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று உனக்குத் தெரியும்.

உடம்பிலிருந்து மனத்துக்குப் போகிற பாலமாக இரட்டைக்கிளவிகள் எனக்கு உதவுகின்றன. நெஞ்சில் கையை வைத்து 'படபட' என்று சொல்ல வைத்துவிட்டு, மேடையில் ஏறுவதற்கு முன் இப்படி இருந்ததா என்று கேட்டு, அதற்கு 'நெர்வஸ்' என்று பெயர் கொடுக்கிறேன். 'கடுகடு' என்று முகத்தை வைத்துக்கொண்டால் அங்கே 'ஆங்கிரி' வந்துவிடுகிறது. பொருளைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வதைவிட இது விரைவாகப் பிடிபடுகிறது.

மொழிபெயர்ப்பு சில இடங்களில் ஏமாற்றவும் செய்கிறது. வெட்கம், கூச்சம், அவமானம் என்று நாம் பிரித்து வைத்திருப்பவற்றை 'ஷை' என்ற ஒன்றில் அடைத்துவிடுகிறோம். புதியவர் முன்னால் பேசத் தயங்குகிற பிள்ளைக்கும், எல்லோர் எதிரிலும் அடி வாங்கிய பிள்ளைக்கும் ஒரே சொல்லைக் கொடுப்பது நியாயமாகாது. 'ப்ரௌட்' என்பதற்குப் பெருமை என்று எழுதினால் பாதிப் பிள்ளைகள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் மெய்ப்பாட்டியல்தான் கைகொடுத்தது. பெருமிதம் பிறக்கும் நான்கில் கல்வி உண்டு, அஞ்சாமை உண்டு, புகழ் உண்டு, கொடையும் உண்டு. 'கொடுத்ததனால் நெஞ்சு நிமிர்ந்த நேரம் எது?' என்று கேட்டேன். தன் ரப்பரை இரண்டாக வெட்டிப் பாதியைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்த கதையை ஒருவன் சொன்னான். ஆறு முக அட்டைகளில் இந்த உணர்ச்சிக்கு முகமே இல்லை என்பதைக் கவனித்தாயா? நானே ஓர் அட்டை வரைந்து சேர்த்துக்கொண்டேன்; அதில் முகத்துக்குப் பதிலாக இரண்டு ரப்பர் துண்டுகள் இருக்கின்றன.

ஏக்கத்துக்கு என்ன செய்வது என்று நீ கேட்கக்கூடும். 'மிஸ்' என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியையின் பெயர்! 'ஐ மிஸ் அம்மா' என்று சொல்லிக் கொடுத்த முதல் நாள், 'அம்மாவும் மிஸ்ஸா?' என்று கேட்டார்கள். ஜீப் திரும்பி வருகிற மாலை நேரத்தைப் பற்றிப் பேசி, அந்தச் சத்தம் கேட்கும்வரை மனத்தில் இருப்பதுதான் அது என்று சொன்னேன். அப்போது வகுப்பு அமைதியாகிவிட்டது.

இங்கே என்னுடைய பிழை ஒன்றையும் உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு காலையிலும் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, இன்று எப்படி இருக்கிறாய், ஏன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வைத்தேன். அப்பா வீட்டை விட்டுப் போயிருந்த ஒரு பையனை 'ஒய்?' என்று நான் விடாமல் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் என்னிடம் பேசவும் இல்லை. ஒரு பிள்ளையின் துயரத்தை வாக்கியப் பயிற்சிக்குப் பயன்படுத்த எனக்கு உரிமை இல்லை என்பதை அவன்தான் எனக்குக் கற்பித்தான். அதன் பிறகு பழைய காலுறையில் பொத்தான் கண் தைத்து ஒரு பொம்மை செய்தேன். பயப்படுவதும் கோபித்துக்கொள்வதும் ஏங்குவதும் அந்தப் பொம்மைதான். 'ஹி இஸ் ஸேட்' என்று அதைப் பற்றிப் பேசிப் பழகுகிறார்கள். ஏன் என்ற கேள்விக்கும் அதற்காகவே காரணம் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் காரணங்களில் சில அவர்களுடையவையாகவே இருக்கும்; எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. 'ஐ ஆம்' என்று தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புகிறவன் தானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பருவம் முடிவதற்குள் பெரும்பாலானவர்கள் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். சொல்லாதவர்களுக்கு மதிப்பீட்டில் ஒன்றும் குறைப்பதில்லை.

இன்னும் ஒன்று. அழுதுகொண்டு வருகிற பிள்ளையிடம் ஆங்கிலம் வேண்டாம். உன் சிறுமி 'ஃபைன்' என்று சொன்னதற்கு நீ கேட்ட மொழியும் ஒரு காரணம். தமிழில் கேட்டு, அவள் அழுது முடித்து, தண்ணீர் குடித்து, மறுநாள் அவள் சிரித்த முகத்தோடு இருக்கும்போது அந்தச் சொல்லைப் பொம்மையின் கையில் கொடு.

பொம்மை தைப்பதற்கான அளவுகளைத் தனித் தாளில் வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். அட்டைகளை எடுப்பதற்கு முன் உன் பிள்ளைகளிடமும் எதைக் கண்டால் பயம் என்று தமிழில் கேட்டுப் பார். யானைக்குப் பதிலாக அங்கே எந்த விலங்கு வரும் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். 2004 ஆழிப்பேரலை அவர்களுக்குப் பாட்டிமார் சொன்ன கதை மட்டுமே. ஆனாலும் யாராவது கடல் என்று சொன்னால், அதை அந்த நான்கில் எதன் கீழ் எழுதினாய் என்று மறக்காமல் எனக்கு எழுது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோழி