ஓசூரில் மரக் கட்டமைப்பில் ஒரு மாதிரி அடுக்குமாடிக் குடியிருப்பு அமைத்துச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மரப்பயிர் விவசாயி மற்றும் தச்சுத் தொழிலாளி,
தேன்கனிக்கோட்டை வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: மரத்தால் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுவது குறித்து விதி வகுக்கும் முன், ஓசூரில் அரசே ஒரு மாதிரிக் கட்டடம் அமைத்துச் சோதிக்க அரசுக்குப் பரிந்துரை அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் சொட்டுநீரில் மலைவேம்பும் வரப்போரம் தேக்கும் வளர்த்துவரும் விவசாயியாகவும், தலைமுறையாகத் தச்சு வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவனாகவும் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளை மரத்தால் கட்டலாமா என்ற கேள்வி பல நாடுகளில் விவாதமாகத் தொடங்கி இன்று கட்டட விதியாகவே மாறிவிட்டது. அந்த விதிகளை அப்படியே எடுத்து இங்கே பொருத்துவதும் சரியாகாது. மரம் என்றால் தீப்பிடிக்கும், கறையான் அரிக்கும் என்று பேச்சோடு தள்ளிவிடுவதும் சரியாகாது. நம் மண்ணில், நம் மரத்தில், நம் தீயணைப்புத் துறையினரின் கண்முன் சோதித்துப் பார்த்து அரசு முடிவெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதை ஏன் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து கேட்கிறேன் என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. தொழிற்பேட்டைகளில் வேலைக்கு வரும் இளைஞர்களும் பெண்களும் ஒரே அறையில் பலராகத் தங்கி, சம்பளத்தில் பெரும்பங்கை வாடகைக்குக் கொடுத்து வருகிறார்கள். இன்னும் பல ஆயிரம் வீடுகள் கட்டியாக வேண்டும். அதற்கான ஜல்லியும் எம்-சாண்டும் நம் குன்றுகளை வெடிவைத்து உடைத்துத்தான் வருகின்றன. குவாரியை ஒட்டிய ஊர்களில் சுவர் விரிசலும், மாந்தோப்பில் இலை தெரியாமல் படியும் தூசியும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுப்பப்படும் புகார்கள். இதற்கு மேல், உலகில் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது. கற்காரையை (கான்கிரீட்டை) முற்றிலும் கைவிட முடியாது என்பதை அறிவேன். அதன் ஒரு பகுதியையாவது நம் வயலில் விளையும் பொருளால் ஈடுசெய்ய முடியுமா என்பதை இந்த மாவட்டம் பார்க்க வேண்டும்.

நான் குறிப்பிடுவது பழைய மச்சு வீடுகளின் உத்திரமும் கைமரமும் அல்ல. பலகைகளை ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் வைத்துப் பசையிட்டு அழுத்தி, சுவராகவும் தளமாகவும் பயன்படும் தடித்த பாளங்களாக ஆலையில் செய்கிறார்கள். கிராஸ் லேமினேட்டட் டிம்பர் எனப்படும் இந்த முறை 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்தது. லண்டனில் 2009-இல் ஒன்பது மாடிக் குடியிருப்பு இவ்வாறு எழுந்தது. கனடாவின் வான்கூவரில் 2017-இல் பதினெட்டு மாடி மாணவர் விடுதியும், அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022-இல் இருபத்தைந்து மாடிக் குடியிருப்பும் வந்தன. வான்கூவர் விடுதியின் தரைத்தளமும் படிக்கட்டு, மின்தூக்கிக் கூடங்களும் கற்காரையால் ஆனவை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். தரையிலிருந்து கூரை வரை மரமே என்பது யாருடைய கோரிக்கையும் அல்ல.

தீ குறித்த அச்சம் நியாயமானது. இம்மனுவில் நான் அதிகம் சொல்ல விரும்புவதும் அதைப் பற்றியே. தடித்த மரம் சுள்ளியைப்போல் எரிவதில்லை. மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்கு வெப்பம் போகாமல் தடுக்கிறது. ஊசியிலை மரங்களில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் வீதம் கரி இறங்குவதாக ஐரோப்பியக் கட்டமைப்பு விதிகள் கணக்கிடுகின்றன. அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். அந்த அளவைக் கூடுதலாகச் சேர்த்தே பாளத்தின் கனத்தை முடிவு செய்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு தவறும் இடமும் உண்டு. வெப்பத்தில் பசை விட்டு வெளி அடுக்கு உரிந்து விழுந்தால், உள்ளே இருக்கும் புதுமரம் தீக்கு வெளிப்பட்டு, அடங்கும் தீ மீண்டும் மூள்கிறது. இதைத் தடுக்க வட அமெரிக்காவில் பசைக்கான தர விதி 2018-இல் கடுமையாக்கப்பட்டது. அமெரிக்க மாநிலங்கள் எடுத்தாளும் 2021-ஆம் ஆண்டு கட்டட விதித்தொகுப்பு பதினெட்டு மாடி வரை இடம் கொடுத்தாலும், அந்த உயரத்துக்கு மரம் முழுவதையும் எரியாத பலகையால் மூடச் சொல்கிறது. மரம் வெளியே தெரியும்படி கட்டினால் அனுமதிக்கப்படும் உயரம் வெகுவாகக் குறைகிறது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-இல் 72 உயிர்களைப் பறித்த தீவிபத்துக்குப் பின், 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள்களை இங்கிலாந்து தடை செய்தது. அந்தக் கோபுரம் கற்காரைக் கட்டடம்; தீயைப் பரப்பியது பின்னாளில் வெளிச்சுவரின் மேல் பொருத்திய, எரியக்கூடிய உறைப் பலகை. ஆனாலும் அந்தத் தடை மரச் சுவர்களுக்கும் சேர்ந்தே பொருந்துகிறது. உயிர் போன பிறகு எழுதப்படும் விதி இப்படித்தான் எல்லாவற்றையும் ஒருசேர அடைக்கும் என்பதால், நாம் முன்கூட்டியே சோதித்து எழுதுவது நல்லது எனக் கருதுகிறேன்.

தீயைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது பூச்சியும் ஈரமும்தான். இவற்றுக்குக் குளிர்நாடுகளான நார்வேயிலிருந்தும் கனடாவிலிருந்தும் நாம் விடை பெற முடியாது. பட்டை உரிக்காமல் களத்தில் போட்ட மலைவேம்புக் கட்டையில் சில வாரங்களிலேயே குண்டூசி முனை அளவு துளைகள் விழுவதையும், அதன் அடியில் மாவு போன்ற பொடி குவிவதையும் நான் பார்த்துவருகிறேன். அதே நிலத்துத் தேக்கில் வெள்ளைக்கட்டை (இளசான வெளிமரம்) உளுத்தாலும் வைரம் (முற்றிய உள்மரம்) அசையாமல் நிற்கிறது. ஆகவே வேகமாக வளரும் மரங்களைக் கட்டுமானத்துக்கு எடுத்தால், மரத்தைப் பக்குவமாக உலர்த்துவதும் அழுத்தமுறையில் மருந்தேற்றுவதும் கட்டாயமாக வேண்டும். அந்த மருந்து குடியிருப்போருக்குத் தீங்கு செய்யாததாகவும் இருக்க வேண்டும். அடித்தளம் போடும்போதே மண்ணுக்குக் கறையான் மருந்திட ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர விதி உள்ளது. தரைத்தளத்தைக் கற்காரையாக வைத்து, மரம் மண்ணைத் தொடாமல் காத்து, குளியலறைக் கசிவைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும்படி குழாய்களை அமைத்தால் பெரும்பாதி ஆபத்து குறையும். மீதியை நாலைந்து பருவமழைதான் சொல்ல முடியும்.

இக்கோரிக்கையின் பெயரால் காட்டு மரம் ஒன்றுகூட வெட்டப்படக் கூடாது என்பதை உறுதியாகப் பதிவு செய்கிறேன். அஞ்செட்டியும் தளியும் யானைகள் நடமாடும் பகுதிகள். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் நம் எல்லையிலேயே இருக்கிறது. மரம் முழுவதும் பட்டா நிலத்திலிருந்து, சர்வே எண்ணுடன் பதிவாகி வர வேண்டும். இப்போது மலைவேம்பைப் பிளைவுட் ஆலைகள் டன் கணக்கில் வாங்குவதால், விவசாயிகள் ஏழெட்டு ஆண்டுகளில் வெட்டிவிடுகிறோம். கட்டுமானத்துக்கு உதவும் அளவுக்கு மரம் முற்ற வேண்டுமானால் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு உரிய விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த விவசாயியும் நிறுத்திவைக்க மாட்டார். வெட்டிய இடத்தில் மறுநடவு செய்யாமல் போனால் சுற்றுச்சூழலுக்கு நன்மை என்ற வாதமே அடிபட்டுப்போகும்.

மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்துக்கு விதித்த தடையை 2020-இல் விலக்கிக்கொண்டது. 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பில் மரக் கட்டமைப்புக்கென ஒரு பகுதியும் இருக்கிறது. ஆனால் மத்திய அரசு புதிய கட்டுமான முறைகளைச் சோதிக்க ஆறு நகரங்களில் எடுத்த கலங்கரை விளக்கத் திட்டத்தில், சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கற்காரை முறையில் (பாகங்களை முன்பே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முறை) 1,152 வீடுகள் கட்டப்பட்டன. மற்ற ஐந்து நகரங்களிலும் மரக் கட்டமைப்பு இடம்பெறவில்லை. விடுபட்ட அந்தச் சோதனையை ஓசூரில் செய்யலாம். மரம் குறித்த ஆய்வில் நெடிய அனுபவமுள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. மலைவேம்பு குறித்து வேலை செய்த வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது.

ஆகவே, வனத்துறை, நகர் ஊரமைப்பு இயக்ககம், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, பொதுப்பணித் துறை, ஓசூர் மாநகராட்சி ஆகியவற்றின் அலுவலர்களையும் மேற்சொன்ன நிறுவனங்களின் அறிவியலாளர்களையும் அழைத்துத் தாங்கள் ஒரு கலந்தாய்வுக் கூட்டம் நடத்த வேண்டுகிறேன். அதன் அடிப்படையில், கற்காரைத் தரைத்தளத்தின் மேல் மூன்று மரத்தளங்கள் கொண்ட ஒரு குடியிருப்பை, 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயர்மாடிக் கட்டடத்துக்கு வகுத்துள்ள 18.30 மீட்டர் வரம்புக்கு உட்பட்டு, அரசு நிலத்தில் அமைக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். அதை அரசு ஊழியர் குடியிருப்பாகவே கட்ட வேண்டும். வேறு இடம் கேட்க வழியில்லாத ஏழைத் தொழிலாளர்களை முதல் சோதனைக்கு உட்படுத்துவது முறையல்ல. அங்கே நல்லபடியாக நிரூபணமான பிறகு தொழிலாளர் விடுதிகளுக்கு விரிவுபடுத்தலாம். கட்டும் முன், அதே மரத்தில் அதே பசையில் செய்த பாளத்தை ஓசூர் தீயணைப்பு நிலைய வீரர்கள் முன்னிலையில் எரித்துச் சோதித்து, முடிவு எதுவாயினும் தமிழில் வெளியிட வேண்டும். பணியில் நம் மாவட்டத் தச்சர்களுக்குப் பயிற்சியும் வேலையும் வழங்க வேண்டும்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: தேன்கனிக்கோட்டை

நகல்: மாவட்ட வன அலுவலர், ஓசூர்; ஆணையாளர், ஓசூர் மாநகராட்சி; மாவட்டத் தீயணைப்பு அலுவலர், கிருஷ்ணகிரி.