எட்மண்டனுக்குப் போக மறுக்கும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை ஒரே வரியில் முடித்துவிட்டு, அவளைப் பார்க்கக் கனடாவிலுள்ள எட்மண்டனுக்கு ஏன் போக முடியாது என்பதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாயே! 2024 ஆயுத பூசை அன்று ஷார்ஜா விமானம் உன் திருச்சி வானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றியதை மொட்டை மாடியில் நின்று பார்த்தாயாம், அன்றோடு ஆசை விட்டுப்போச்சாம். ஹைட்ராலிக் கோளாறு, எரிபொருளைத் தீர்த்துவிட்டு இறங்கலாம் என்று சுற்றினார்கள். ஒரு கீறல் இல்லாமல் எல்லோரும் இறங்கினார்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் நீ எழுதவே இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "எஞ்சின் நின்றால் கல்லு மாதிரி விழுமா?" விழாது. எஞ்சின் இல்லாமலே பறப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். என்.சி.சி. முகாமில் நான் பயிற்றுநரோடு கிளைடரில் ஏறி இறங்கும்போது கீழே நின்று கையசைத்தவன் நீதானே? பெரிய விமானமும் அப்படித்தான், கனம் கூடுதல், அவ்வளவே.

இதற்கு நல்ல உதாரணம் நீ போக மறுக்கும் அதே ஊருக்குப் போன விமானம்தான். இதைச் சொன்னால் இன்னும் பயப்படுவாயோ என்று யோசித்தேன். பரவாயில்லை, படி.

1983 ஜூலை 23. மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் போன ஏர் கனடா விமானம், புத்தம் புது போயிங் 767. கனடா அப்போதுதான் பவுண்டை விட்டுக் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானத்தில் எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. அதனால் அளவுக்குச்சியை வைத்துப் பார்த்தார்கள். உங்க அப்பாவின் ஸ்கூட்டரில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்ப்போமே, அதே கதை. அளந்ததில் தப்பில்லை. லிட்டரைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 1.77 ஆல் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண். 22,300 கிலோ இருக்கிறது என்று நம்பி, அதில் பாதிகூட இல்லாமல் கிளம்பிவிட்டார்கள்.

41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலித்தது. வின்னிபெக் பக்கம் திருப்பி இறங்கத் தொடங்கியபோது ஒரு எஞ்சின் நின்றது, கொஞ்ச நேரத்தில் மற்றதும். விமானிகளுக்கு முன்னாலிருந்த கருவித் திரைகள் இருண்டன. விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி வெளியே வந்து, எதிர்க்காற்றில் சுழன்று, விமானத்தைத் திருப்பவும் சாய்க்கவும் போதுமான தெம்பை மட்டும் கொடுத்தது. துணை விமானி மொரீஸ் குவின்டால் கணக்குப் போட்டார்: ஒரு கிலோமீட்டர் உயரம் இழப்பதற்குள் சுமார் 12 கிலோமீட்டர் தூரம் போகலாம். வின்னிபெக் எட்டாது. பக்கத்தில் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளம் இருப்பது அவருக்குத் தெரியும், அங்கே வேலை பார்த்தவர். அந்த ஓடுதளத்தைக் கார் பந்தயத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரியாது. அன்றைக்குப் பார்த்து பந்தயக்காரர்கள் குடும்பத்தோடு கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

கேப்டன் பாப் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டுகிறவர். ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்தபோது உயரம் அதிகமாக இருந்தது. சுற்றி வர முடியாது, ஒரே வாய்ப்பு. என்ன செய்தார் தெரியுமா? விமானத்தை ஒரு பக்கம் சாய்த்து, சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் சறுக்கவிட்டார். எங்களுக்குக் கிளைடரில் சொல்லிக்கொடுத்த வித்தை இது. நான் செய்தபோது பயிற்றுநர் தலையில் தட்டினார். பியர்சனோ அத்தனை பேரை வைத்துக்கொண்டு 767இல் செய்தார்! எஞ்சின் சத்தமே இல்லாததால் கீழே இருந்தவர்களுக்கு விமானம் வருவதே தெரியவில்லை. சைக்கிளில் இருந்த பையன்கள் கடைசி நேரத்தில் பார்த்துவிட்டு மிதித்தார்களாம். மூக்குச் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் தேய்ந்தது. அந்த உராய்வே விமானம் நிற்க உதவியது என்பதுதான் வேடிக்கை. 69 பேரும் பிழைத்தார்கள். விமானத்தைச் செப்பனிட்டு 2008 வரை ஓட்டினார்கள்.

நம்ம பக்கமும் நடந்திருக்கிறது, மறந்துவிட்டாயா? 1993 நவம்பரில், நாம் கல்லூரி முடித்த மறு வருஷம். சென்னையிலிருந்து ஹைதராபாத் போன ஏர்பஸ், அங்கே பனிமூட்டத்தில் இறங்க முடியாமல் மேலெழும்பியது. இறக்கையின் மடல்கள் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டன. விரிந்த மடல்கள் காற்றைத் தடுக்கும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அப்படியே சென்னைக்குத் திரும்பினால் எரிபொருள் என்னத்துக்கு ஆகும்? திருப்பதிக்குப் பக்கத்தில் நெல்வயலில் இறக்கினார்கள். 262 பேர், ஒரு உயிர்ச்சேதம் இல்லை. அந்த வயல்காரர் என்ன நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இத்தனை பேசுகிறாயே, பாராசூட்டைக் கட்டிக் கயிற்றால் இழுத்து மேலே ஏற்றும் பாராசெய்லிங்கில் கயிற்றை விட்டதும் காற்று இழுத்துப்போய் நீ வேலிக்காத்தான் முள்ளில் உட்கார்ந்தாயே, அதைவிடவா? இரவு பத்து மணி வரை முள் பிடுங்கினோம். இந்த விஷயத்தில் உனக்கு ஒரு அண்ணன் அமெரிக்காவில் இருந்தார். வில்லியம் ராங்கின், கடற்படைக் காலாட்படை விமானி. 1959 ஜூலையில் இடிமேகத்துக்கு மேலே 47,000 அடியில் எஞ்சின் நின்று வெளியே குதித்தார். பாராசூட் மேகத்துக்குள்ளேயே விரிந்துகொண்டது. மேலெழும் காற்று அவரைத் திரும்பத் திரும்பத் தூக்கி எறிய, ஆலங்கட்டி அடிக்க, பத்து நிமிஷத்தில் இறங்க வேண்டியவர் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் தரைக்கு வந்தார். அதுவும் காட்டு மரத்தில் மாட்டி. உயிரோடு!

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. முழங்கால் வலி, இரண்டு மாமரத்தில் ஒன்று பட்டுப்போனது, அவ்வளவுதான். தங்கச்சியிடம் பேசினேன். அவள் இந்த வாரமே டிக்கெட் போடுகிறாள், நீ வந்தாலும் வராவிட்டாலும். ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிடு. அப்புறம், ஏறும்போது பணிப்பெண்ணிடம் போய் எண்ணெய் எத்தனை கிலோ என்று கேட்டு வைக்காதே.

உன்,
முத்து