தலைமாட்டில் சார்ஜர் வைக்காதே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நம் பேட்டரிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கிறது, சாயங்காலம் படிக்கட்டில் நல்ல காற்று. மற்ற சேதிகளைப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்தப் படம்.

வேம்பநாட்டுக் காயலில் நீ ஓட்டும் மின்படகைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதைத் தங்கை எல்லோருக்கும் காட்டினாள். சின்ன மாமா வண்ணம் எடுப்பாக இருக்கிறது என்றார். நான் அதை விரலால் பெரிதாக்கிப் பேட்டரியைத்தான் தேடினேன். பழைய மின் ஸ்கூட்டரில் இருந்து எடுத்த பேட்டரி என்று நீ அவளிடம் சொன்னாயாம். பக்கத்தில் இருக்கும் சார்ஜரின் மேல் 58.4 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் சரியாக இல்லை.

உள்ளே எத்தனை செல் வரிசையில் இருக்கிறது என்று எண்ணினாயா? ஸ்கூட்டரில் வரும் நிக்கல் கலந்த லித்தியம் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை. வரிசையில் 13 இருந்தால் மொத்தம் 54.6. அதைத் தாண்டக் கூடாது. 14 இருந்தால் 58.8 வரை தாங்கும். 58.4 என்பது லித்தியத்திலேயே இன்னொரு வகையான இரும்பு பாஸ்பேட் செல் 16 வைத்துக் கட்டிய பேட்டரிக்கான சார்ஜர். உன்னுடையது 13 என்றால் அந்தச் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் 4.49க்கு இழுக்கப் பார்க்கும். நடுவில் காவல் நிற்பது, எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்த பிஎம்எஸ் பலகை ஒன்றுதான். அதுவும் பழைய ஸ்கூட்டரோடு வந்த பழைய பலகை. ஒரு காவலை நம்பி வாசல் கதவைத் திறந்து வைப்பார்களா? எண்ணிப் பார். எண்ண முடியாதபடி ஒட்டியிருந்தால் அந்தச் சார்ஜரைத் தொடாதே.

இரும்பு பாஸ்பேட் வாங்கு என்று சொன்னால் விலை என்பாய். விலைதான், தெரியும். ஆனால் அது சூட்டைத் தாங்கும், எளிதில் பற்றாது, பல ஆயிரம் முறை ஏற்றி இறக்கலாம். நிக்கல் வகையைவிடக் கனம் சற்றுக் கூடும். படகுக்கு அது ஒரு குறையே இல்லை. நம் கடையில் இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர் ஈய பேட்டரியை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுளும் போய்விடும். அதற்கு ஈடான இரும்பு பாஸ்பேட் பேட்டரியை நானே ஒரு கையில் எடுத்து அலமாரியில் வைக்கிறேன்.

லித்தியம் பேட்டரிக்காக ஜான் குட்இனஃபுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு அறிவித்த 2019ஆம் வருடம் உனக்கு நினைவிருக்கும். ஆறுமுகம் மந்திரம் என்பவர் ஸ்டாக்ஹோமில் குட்இனஃபுக்குப் பதிலாக நின்று உரை வாசித்தார் என்று பேப்பரில் படித்துவிட்டு, நம் காமராசர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர் அம்மா என்று நீதான் போனில் கூவினாய். அவரும் குட்இனஃபும் 1980களில் செய்த ஆராய்ச்சிதான் இரும்பு பாஸ்பேட்டுக்கு வழி திறந்தது என்று எனக்கு விளக்கியவனும் நீதான். நான் அதைக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். என் மகனுக்குத் தெரியாத பேட்டரி இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் கண்ட கடையில் கழித்துப் போட்ட பேட்டரியை வாங்கிப் படகில் வைக்கலாமா?

படத்தின் ஓரத்தில் ஒரு கொசுவலை தெரிகிறது. தலையணை தெரிகிறது. ஆணியில் இரண்டு சட்டைகள் தொங்குகின்றன. மதிய வெயிலுக்குச் சற்றுக் கண் மூட என்றுதான் இருக்கும். ஆனால் தலையணைக்கும் சார்ஜருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. தம்பி, சார்ஜ் ஏறும்போது அங்கே படுக்காதே. லித்தியம் செல் ஒன்று கெட்டுப் புகைந்தால் முதலில் வருவது நச்சுப் புகை, அதுவே பற்றி எரியவும் செய்யும். படகின் அந்தச் சின்ன அறையில் விழித்துக் கதவைத் தேட நேரம் இருக்காது. பொடி தெளிக்கும் அணைப்பானால் வெளியே தெரியும் நெருப்பை அடக்கலாம், செல்லுக்குள் இருக்கும் சூடு மறுபடி கிளம்பும். சார்ஜரைப் படகுத்துறையில் வை. பேட்டரியைக் கழற்றிக் கரையில் சார்ஜ் ஏற்று. நீ விழித்திருக்கும்போது ஏற்று.

மருமகள் போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள். குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். உன்னைப் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறார் அத்தை என்றாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 முதல் சூரிய ஒளியில் படகு ஓடுகிறதே, 75 பேர் ஏறும் படகு, அதிலும் லித்தியம் பேட்டரிதானே அம்மா என்று நீ கேட்பாய். கொச்சியில் 2023 முதல் மெட்ரோ படகுகள் ஓடுகின்றன என்பாய். அங்கெல்லாம் பேட்டரிக்குத் தனி அறை, காற்றுப் போக்கு, சூட்டைக் கண்காணிக்கக் கருவி, பார்த்துக்கொள்ள ஆள். உனக்கு யார் இருக்கிறார்கள் அங்கே, ராத்திரியில் ஒரு வாடை வந்தால் எழுப்ப?

ஈய பேட்டரி இறங்கும்போது மோட்டார் முனகும், வேகம் தளரும், நமக்குத் தெரிந்துவிடும். லித்தியம் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. பழைய பேட்டரியில் ஒரே ஒரு செல் முதலில் இறங்கினால் போதும், பிஎம்எஸ் மொத்தத்தையும் சட்டென்று துண்டித்துவிடும். வேம்பநாட்டுக் காயலின் நடுவில், காற்று அடிக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன செய்வாய்? வோல்ட் மீட்டரை நம்பாதே, போகும் ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மீட்டர் போடு. துடுப்பும் கழியும் எப்போதும் படகில் இருக்கட்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மோட்டார் கேட்கும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும், அதனால் மெதுவாகவே போ. பாசிட்டிவ் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், கம்பி சிவந்துவிடும். உப்புத் தண்ணீர் ஏறும் மாதங்களில் டெர்மினலை வாரம் ஒரு தடவை பார். சார்ஜ் ஏறும்போது அங்கே படுக்காதே. எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்.

ஆடிக்கு வருகிறேன் என்றாய். ஆவணியும் போய்விட்டது. வேலை என்றாய், சரி.

உன் அப்பா போன பிறகு நான் கடையிலேயே படுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். ராத்திரிக் கணக்குப் பார்க்க வேண்டும், சார்ஜில் இருக்கும் பேட்டரிகளைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். கணக்கு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. அமில வாடையில் படுத்துக் காலையில் தலைவலியோடு எழுந்திருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நீங்கள் இருவரும் அம்மாச்சி வீட்டில் படுத்தீர்கள். தங்கை அழுவாள் என்று அம்மாச்சி சொல்லி அனுப்புவாள். நான் போக மாட்டேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் நீ கடைக்கு வந்து, டிஸ்டில் வாட்டர் கேனை எடுத்து, கேட்காமலே ஒவ்வொரு பேட்டரிக்கும் ஊற்றிவிட்டுப் போவாய். வீட்டுக்கு எப்போது வருவாய் என்று ஒரு நாளும் நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு அப்போது பதில் இருந்திருக்காது. அதனால்தான் நானும் உன்னை எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

சின்ன மாமா வெள்ளிக்கிழமை கோட்டயம் வருகிறார். அவரிடம் நல்ல பியூஸும், தகரம் பூசிய செம்புக் கம்பியும், கம்பி முனையில் அழுத்திப் பொருத்தும் லக்குகளும் கொடுத்து அனுப்புகிறேன். 54.6 சார்ஜர் ஒன்றும் இருக்கிறது, எண்ணிப் பார்த்து 13 என்றால் மட்டும் எடுத்துக்கொள். இரும்பு பாஸ்பேட் செல் 16 வாங்கப் பணமும் அவரிடம் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லாதே, அது உன் அப்பா கடையின் பணம். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாவிட்டால் ஓட்டலில் சாப்பிட வை. அவரும் ஒன்றும் கேட்க மாட்டார், சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நவராத்திரி விடுமுறைக்குக் குழந்தையை இங்கே அழைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. மருமகளிடம் நானே பேசிக்கொள்ளட்டுமா, நீ பேசுகிறாயா? அதை மட்டும் மாமாவிடம் எழுதிக் கொடு. செல் எண்ணிக்கையையும் அதே தாளில் எழுது.

அம்மா