எந்தக் கவுன்சில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் பிரசல்ஸில் 19 வருடமாக டாக்சி ஓட்டுகிறேன். சென்ற ஞாயிறு உங்கள் உலகச் செய்திப் பக்கத்தில் ஒரே கட்டுரைக்குள் 'ஐரோப்பியக் கவுன்சில்' மூன்று தடவை வந்தது. முதலில் அது நாட்டுத் தலைவர்களின் மாநாடு. அடுத்த பத்தியில் அமைச்சர்களின் கூட்டம். கடைசியில் மனித உரிமை நீதிமன்றம் இயங்கும் அமைப்பு. பெயர்தான் ஒன்று, ஆட்கள் வேறு. என் காரில் ஏறுகிறவர்களே குழம்புகிற விஷயம் என்பதால் எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. திருத்தலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாட்டுத் தலைவர்களும் கூடும் நாளில் சூமான் சந்தியைச் சுற்றி வீதிகளை மூடிவிடுவார்கள். அன்று எங்களுக்கு உழைப்புப் பாதி. அவ்வளவு ஆரவாரம் செய்யும் அந்த அவை சட்டம் எதுவும் இயற்றுவதில்லை. ஒன்றியம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்வதே அதன் வேலை, அதுவும் பெரும்பாலும் ஒருமனதாக. 2023 டிசம்பரில் உக்ரைனுடன் இணைவுப் பேச்சு தொடங்குவதை ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் எதிர்த்தார். முடிவெடுக்கும் நேரம் அவர் அறையை விட்டு வெளியே போனார். மறுக்க ஆளில்லாததால் மிச்ச 26 பேரின் முடிவே ஒருமனதான முடிவாயிற்று!

சட்டத்துக்குக் கை உயர்த்துவது அமைச்சர்களின் அவை. விவசாயம் என்றால் விவசாய அமைச்சர்கள், நிதி என்றால் நிதி அமைச்சர்கள். பெரும்பாலான சட்டங்களுக்கு 15 நாடுகள் சம்மதிக்கவேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்து மக்களில் 65 சதவீதம் பேர் இருக்கவும் வேண்டும். வரி, வெளிவிவகாரம் போன்றவற்றில் ஒரு நாடு மறுத்தாலும் கதை முடிந்தது.

மூன்றாவது அமைப்பு ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல. 1949இல் தொடங்கியது, இன்று 46 நாடுகள், பிரிட்டனும் துருக்கியும் உட்பட. தலைமையகம் ஸ்ராஸ்பூர்க்கில், இங்கிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல். அங்கே போகவேண்டும் என்று ஒருவர் என் காரில் ஏறினால் மீற்றர் தாங்காது. கொடியைப் பார்த்தும் பிரித்தறிய முடியாது. 12 நட்சத்திரக் கொடி 1955இலிருந்து அவர்களுடையது, ஒன்றியத்தார் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு ஒன்றியத்தின் பாராளுமன்றமும் மாதாமாதம் அதே ஊருக்குப் பெட்டி கட்டுகிறது.

இன்னொன்று, 'பிரசல்ஸ் உத்தரவு' என்ற உங்கள் தலைப்பு. ஒரே ஆள் உத்தரவு போட்டதுபோல இருக்கிறது, நடப்பது அப்படியல்ல. இயற்கை மீட்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணைக்குழு வரைவை வைத்தது. சட்ட வரைவு கொண்டுவரும் உரிமை பொதுவாக அதற்கு மட்டுமே. 2024 பெப்ரவரியில் பாராளுமன்றம் 329க்கு 275 என்று நிறைவேற்றியது. அப்புறம் அமைச்சர்களிடம் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. ஜூன் 17 அன்று 20 நாடுகள் ஆதரித்தன, மக்கள்தொகைக் கணக்கு 66.07 சதவீதம். ஒஸ்ரியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் தன் நாட்டுச் சான்சலர் வேண்டாம் என்று சொல்லியும் ஆதரவாக வாக்களித்தார். அந்த ஒரு வாக்கு இல்லையென்றால் 65ஐத் தொட்டிருக்காது. அப்போது அமைச்சர்கள் அவைக்குத் தலைமை தாங்கிய எங்கள் பெல்ஜியம் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. இந்தக் கணக்கில் ஒதுங்குவதும் எதிர்ப்பதும் ஒன்றுதான், ஆதரவு கூடாது.

கூட்டம் நடந்ததும் இங்கே அல்ல, லக்சம்பேர்க்கில். ஏப்ரல், ஜூன், ஒக்டோபர் மாதங்களில் அமைச்சர்கள் அங்கேதான் கூடுவார்கள். அந்த வாரம் எனக்கு ஹயர் குறைவு.

அதற்கு எட்டு நாள் முன்புதான், ஜூன் 9இல், பாராளுமன்றத் தேர்தலில் நான் வாக்களித்தேன். பெல்ஜியத்தில் வாக்களிப்பது கட்டாயம். 720 ஆசனங்களில் எங்களுக்கு 22. எல்லாவற்றையும் 'பிரசல்ஸ்' என்று எழுதினால், என் வாக்கு எங்கே போனது, வியன்னாவிலிருந்து வந்த அந்த அமைச்சர் என்ன செய்தார் என்பதெல்லாம் வாசகர் கண்ணில் படுவதில்லை.

ஆகவே முதலாவதைத் தலைவர்கள் அவை, இரண்டாவதை அமைச்சர்கள் அவை, ஸ்ராஸ்பூர்க்கில் உள்ளதை ஐரோப்பியப் பேரவை என்று எழுதிப் பாருங்கள். இதைவிட நல்ல பெயர் உங்கள் மேசையில் இருந்தால் அதையே போடுங்கள். மூன்றுக்கும் மூன்று பெயர் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பிரசல்ஸிலிருந்து ஒரு வாசகன்